பழைய இசைத்தட்டின் உண்மையான விலையைக் கண்டுபிடிப்பது எப்படி: இணையத்தில் வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு பழைய எல்.பி. இசைத்தட்டைத் தேடி இணையச் சந்தைக்குப் போகிறீர்கள். மூன்று பேரிடம் இருக்கிறது. ஒருவர் 60 டாலர் கேட்கிறார், இன்னொருவர் 65, மூன்றாமவர் 70. மூவரும் ஏறக்குறைய ஒரே தொகையைச் சொல்வதால் சந்தை விலையே அதுதான் என்று தோன்றிவிடும். போன மாதம் அதே தட்டு 22 டாலருக்கு வந்து அன்றைக்கே விற்றிருக்கும். அதற்கு முன் 24-க்கு ஒன்று போயிருக்கும். நியாயமான விலையில் வருபவை நிற்பதில்லை. எவரும் வாங்காத விலைதான் மாதக்கணக்கில் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. புதிதாக விற்க வருபவரும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் 62 என்று போடுகிறார்.

அதனால் கேட்கும் விலையை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் கைக்கு வரப்போகும் அந்த ஒரு பிரதி எவ்வளவு பெறும் என்று நீங்களே கணக்குப் போட வேண்டும். முதல் தடவை அரை மணி நேரம் பிடிக்கும். பழகிவிட்டால் பத்து நிமிடம் போதும்.

விலை எங்கிருந்து ஏறுகிறது

ஆயிரக்கணக்கில் தட்டு வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து விலை வைப்பதில்லை. பலர் மென்பொருளிடம் விட்டுவிடுகிறார்கள். அது மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்துத் தன் விலையை நகர்த்தும். இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2011-ல் அமேசானில் நடந்தது நல்ல உதாரணம். ஈ பற்றிய ஓர் உயிரியல் நூலை இரண்டு பேர் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். ஒருவரின் மென்பொருள் மற்றவர் விலையை 0.9983-ஆல் பெருக்கியது, மற்றவருடையது முதலாமவர் விலையை ஏறக்குறைய 1.27-ஆல் பெருக்கியது. மனிதர் எவரும் கவனிக்கும் முன் விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. 1.27-ஆல் பெருக்கியவரிடம் நூலே இல்லாமல் இருந்திருக்கலாம், யாராவது கேட்டால் அடுத்தவரிடம் வாங்கி அனுப்பும் திட்டமாக இருக்கலாம் என்பதே இதைப் பின்தொடர்ந்த உயிரியலாளரின் ஊகம். இசைத்தட்டுச் சந்தையிலும் இப்படிக் கையில் சரக்கில்லாமல் விற்பவர்கள் உண்டு. அவர்கள் விலையில் ஒரு லாபம், உண்மையில் வைத்திருப்பவரின் லாபம் இன்னொன்று, இரண்டும் சேர்ந்து உங்கள் தலையில் விழும்.

தளத்தின் கட்டணமும் விலையில் ஒளிந்திருக்கிறது. இசைத்தட்டுகளின் தரவுத்தளமும் சந்தையுமான டிஸ்காக்ஸ் 2023-ல் விற்பவரிடம் வாங்கும் பங்கை 8-லிருந்து 9 சதவீதமாக உயர்த்தியது. தபால் செலவு சேர்ந்த தொகைக்கே அந்த 9 சதவீதம். பணம் கைமாறும் கட்டணம் தனி. நேர்மையான விற்பனையாளர்கூட இதை விலையில் ஏற்றித்தான் ஆக வேண்டும். அதைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது காரணம் நேரம். கலைஞர் இறந்த வாரம், ஆல்பத்தின் 50-வது ஆண்டு, ஒரு பாட்டு திடீரென்று எல்லோர் கைப்பேசியிலும் ஓடும் மாதம். இந்த நாட்களில் விற்ற விலைகூடப் பொய் சொல்லும். 2008-லிருந்து ஆண்டுதோறும் நடக்கும், கடைகளில் சிறப்புப் பதிப்புகள் வெளியாகும் ரெக்கார்டு ஸ்டோர் டே அன்று காலையில் கடையில் வாங்கிய தட்டு மாலைக்குள் இணையத்தில் இரட்டிப்பு விலைக்கு ஏறுவதும் இந்த வகைதான்.

முதல் படி: எந்தப் பிரஸ்ஸிங் (அச்சுப் பதிப்பு) என்று உறுதி செய்யுங்கள்

விலைக் குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஒரே ஆல்பத்துக்கு ஐம்பது பதிப்புகள் இருக்கலாம். முதல் பதிப்பு 200 டாலர் பெறும். பத்து ஆண்டு கழித்து வந்த மறுபதிப்பு 15 டாலர் பெறும். உறை இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். டிஸ்காக்ஸில் எல்லாப் பதிப்புகளையும் சேர்த்துக் காட்டும் தாய்ப்பக்கத்தை வைத்து விலை பார்க்காதீர்கள். நாடு, ஆண்டு, நிறுவனம் தந்த பட்டியல் எண் மூன்றும் பொருந்தும் தனிப் பதிப்பின் பக்கத்துக்குப் போங்கள்.

பிறகு ரன்-அவுட் எழுத்தைக் கேளுங்கள். கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே பாட்டில்லாத பளபளப்பான வளையம் ஒன்று இருக்கும். அதில் கையால் கீறியோ அச்சாலோ ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கும்: பெரும்பாலும் பட்டியல் எண் அல்லது அச்சுக்கான மேட்ரிக்ஸ் எண், பக்கத்தைக் குறிக்கும் எழுத்து, எத்தனையாவது வெட்டு (மூலத்தட்டில் பாட்டைப் பொறித்தது) என்ற எண், சிலவற்றில் வெட்டிய பொறியாளரின் அடையாளம். ராபர்ட் லுட்விக் வெட்டிய தட்டுகளில் ‘ஆர்.எல்.’, ரூடி வான் கெல்டர் வெட்டியவற்றில் ‘ஆர்.வி.ஜி.’ அல்லது அவர் பெயர். 1966 வரை புளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்துக்காக பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சான தட்டுகளில் காது போன்ற ஒரு சிறு கீறல் இருக்கும். அந்தக் காது இருக்கிறதா இல்லையா என்பதிலேயே விலை பல மடங்கு மாறும்.

ஆனால் ரன்-அவுட்டை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். நல்ல உலோக அச்சு கையில் இருந்தால் ஆலைகள் அதையே பல ஆண்டுகள் பயன்படுத்தின. முதல் பதிப்பின் எண் மறுபதிப்பிலும் அப்படியே நிற்கலாம். லேபிளின் நிறம், வடிவம், விளிம்பில் அச்சான நிறுவன முகவரி, உறையின் பின்பக்கம் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். சில பொய்கள் ஒரே பார்வையில் உடையும். 1960-களின் ‘முதல் பதிப்பு’ என்று சொல்லும் உறையில் பார்கோடு இருந்தால் அது மறுபதிப்பு. பார்கோடு 1970-களின் கடைசியில்தான் உறைகளுக்கு வந்தது. ஸ்டீரியோ எல்.பி.கள் 1958-ல்தான் கடைக்கு வந்தன. உறையில் ‘180 கிராம்’ என்று தட்டின் எடையைப் பெருமையாக ஒட்டியிருந்தால் அது பிற்காலத்து வேலை.

ஐரோப்பாவில் 1962 வரை வெளியான இசைப்பதிவுகளின் உரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதனால் பழைய ஜாஸ், புளூஸ் ஆல்பங்களைச் சின்ன நிறுவனங்கள் சட்டப்படியே மறுபதிப்பாகப் போடுகின்றன. பலவற்றின் மூலம் பழைய டேப் அல்ல, சி.டி. அவை அரிய தட்டின் விலைக்கு விற்கப்பட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: விற்ற விலையைத் திரட்டுங்கள்

டிஸ்காக்ஸில் ஒவ்வொரு பதிப்பின் பக்கத்திலும் கடைசியாக விற்ற நாள், குறைந்த விலை, இடைநிலை விலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது), அதிக விலை இருக்கும். அங்கிருந்து விற்பனை வரலாற்றைத் திறந்தால் ஒவ்வொரு விற்பனையின் தேதியும் தட்டின் நிலையும் தெரியும். இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது: இந்த விலைகளில் தபால் செலவு சேராது, மேலே காட்டும் மூன்று எண்களும் கீறல் விழுந்த தட்டையும் புத்தம் புதியதையும் ஒன்றாகக் கலந்தவை.

ஈபேயில் தேடல் வடிகட்டியில் ‘விற்றவை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சுமார் 90 நாள் வரலாறு கிடைக்கும். விலைக்கு மேல் கோடு கிழித்து, பேரம் ஏற்கப்பட்டதாகக் காட்டினால் உண்மையில் கைமாறியது அதைவிடக் குறைவு. பழைய ஏலங்களுக்கு, ஏல விலைகளைத் திரட்டி வைக்கும் பாப்சைக் தளம் உதவும். அங்கே உயர்ந்த விலைக்குப் போன ஏலங்களே அதிகம் சேர்வதால், அதை உச்சவரம்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. ஒரு பதிப்பின் கடைசி பத்து விற்பனை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 18, 20, 21, 22, 22, 24, 25, 26, 30, 75. கூட்டிப் பத்தால் வகுத்தால் 28.30 வரும். அந்த எண்ணைத் தூக்கி நிறுத்துவது ஒரே ஒரு 75. திறந்து பார்த்தால் அது பிரிக்காத பிரதியாகவோ, தவறான பக்கத்தில் ஏற்றப்பட்ட வேறு பதிப்பாகவோ இருக்கும். இடைநிலை எடுத்தால் 23. இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்து விற்பனை இல்லாமல் இரண்டே விற்பனை இருந்தால் இடைநிலைக்குப் பொருளே இல்லை. அந்த இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள்.

‘அரியது’ என்ற சொல்லையும் இங்கேயே சோதித்துவிடலாம். எத்தனை பேரிடம் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டு எண்களையும் டிஸ்காக்ஸ் காட்டுகிறது. 40 பேரிடம் இருந்து 900 பேர் தேடினால் பற்றாக்குறை உண்மை. 12,000 பேரிடம் இருந்து 3,000 பேர் தேடினால், இன்று ஒரே பிரதிதான் விற்பனையில் இருந்தாலும் அடுத்த மாதம் இன்னொன்று வரும். லட்சக்கணக்கில் விற்ற ஆல்பத்தைப் பழையது என்ற ஒரே காரணத்துக்காக அரியது என்கிறார்கள். வயது வேறு, அருமை வேறு.

மூன்றாம் படி: நிலைக்கேற்ப விலையை இறக்குங்கள்

உலகம் முழுக்கப் புழங்குவது கோல்ட்மைன் இதழின் தரவரிசை, மேலிருந்து கீழாக: மின்ட் (புத்தம் புதியது), நியர் மின்ட், வி.ஜி. (வெரி குட்) பிளஸ், வி.ஜி., குட், ஃபேர், புவர். தட்டுக்கு ஒரு தரம், உறைக்கு ஒரு தரம். கோல்ட்மைன் விதிப்படி நியர் மின்ட் விலையில் வி.ஜி. பிளஸ் பாதி, வி.ஜி. கால்பங்கு, குட் 10 முதல் 15 சதவீதம். சந்தை இவ்வளவு கறாராக நடப்பதில்லை. மேலே சொன்ன பத்தில் 25, 26, 30 மூன்றும் நியர் மின்ட், 20 முதல் 24 வரை வி.ஜி. பிளஸ் என்றால் வரலாறு விதியைவிட மேலானது, அதையே எடுங்கள். உங்களுக்கு வேண்டிய தரத்தில் விற்பனையே இல்லாதபோது மட்டும் விதியைப் பயன்படுத்துங்கள்.

தரம் ஒரு படி கூட்டிச் சொல்லப்படுவது இந்தச் சந்தையின் தீராத நோய். ‘50 வயதுத் தட்டுக்கு இது நியர் மின்ட்தான்’ என்று எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். தரவரிசையில் வயதுக்குச் சலுகை கிடையாது.

கீறல் என்றால் என்ன இழப்பு என்பதைப் பாருங்கள். எல்.பி.யின் ஒரு பக்கத்தில் ஊசி வெளிவிளிம்பிலிருந்து உள்ளே அதிகபட்சம் சுமார் 86 மில்லிமீட்டர் நகரும். 20 நிமிடப் பக்கம் என்றால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் 667 சுற்று. ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய எட்டு ஒலிப்பள்ள வரிகள். குறுக்கே 5 மில்லிமீட்டருக்கு ஓர் ஆழமான கீறல் விழுந்திருந்தால் 1.8 நொடிக்கு ஒரு ‘டிக்’ வீதம் சுமார் 39 தடவை கேட்கும். ஒரு நிமிடத்துக்கு மேல், பாட்டின் தாளத்தோடு சேராமல். படத்தில் அது கட்டைவிரல் நகத்தின் பாதி நீளம்கூட இருக்காது. நகத்தால் தடவினால் இடறும் கீறல் கேட்கும். உறையில் தேய்ந்த மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் கேட்காது.

கண்ணுக்கே தெரியாத சேதம்தான் இன்னும் மோசம். கனமான, தேய்ந்த ஊசியில் நூறு தடவை ஓடிய தட்டு கண்ணாடிபோல் மின்னிக்கொண்டே குரல் உயரும் இடமெல்லாம் கரகரக்கும். இது பக்கத்தின் கடைசிப் பாட்டில் முதலில் வெளிப்படும். வெளிவிளிம்பில் வரி ஊசிக்கடியில் நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உள்ளே 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருப்பதால் தேய்மானம் அங்கே உடனே காதில் படும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த தட்டில் மூடுபனி போன்ற படலம் படியும். கழுவினாலும் அந்த இரைச்சல் போகாது.

உறையில் மூலை வெட்டு, துளை, ரம்பக் கீற்று இருந்தால் அது ஒரு காலத்தில் தேங்கிய சரக்காகத் தள்ளிவிடப்பட்டது என்று பொருள். உறையின் தரத்தைக் குறையுங்கள். பாடல் வரித்தாள், போஸ்டர், ஜப்பானியப் பதிப்பின் உறையைச் சுற்றிவரும் ஓபி என்ற காகிதப் பட்டை ஆகியவை இல்லையென்றால் விலையும் இறங்க வேண்டும். ‘பிரிக்கவில்லை’ என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளாஸ்டிக் சுற்றும் இயந்திரம் யாரிடமும் இருக்கலாம். உண்மையிலேயே பிரிக்காத தட்டும் உள்ளே வளைந்திருக்கலாம், துளை நடுவில் இல்லாமல் சுருதி ஆடலாம்.

நான்காம் படி: விற்பவரிடம் கேளுங்கள்

சுருக்கமாக, மரியாதையாக, ஒரே செய்தியில் கேளுங்கள்:

– இரண்டு பக்க ரன்-அவுட் எழுத்துகளும் என்ன?
– ஓட்டிப் பார்த்துத் தரம் சொன்னீர்களா, கண்ணால் பார்த்து மட்டுமா?
– ஒரே விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் ஒரு பக்கத்துக்கு ஒன்று அனுப்ப முடியுமா?
– கடைசிப் பாட்டின் சத்தமான பகுதியில் கரகரப்பு இருக்கிறதா?
– உள்ளுறை, தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா?

விலை அதிகமென்றால், இன்றைய தேதியைத் தாளில் எழுதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் கேளுங்கள். சரக்கில்லாமல் விற்பவரால் அதைத் தர முடியாது. பல்லாயிரம் தட்டுகள் பட்டியலில், எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம், சொந்தப் படம் ஒன்றுகூட இல்லை, 63.47 போன்ற விசித்திர விலை, அனுப்ப மூன்று நான்கு வாரம்: இவை சேர்ந்து வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பின்னூட்டத்தில் மொத்தச் சதவீதத்தைவிட எதிர்மறைக் கருத்துகளின் வாசகம் முக்கியம். ‘தரம் கூட்டிச் சொல்லியிருந்தார்’ என்று மூன்று பேர் எழுதியிருந்தால் உங்களுக்கும் அதுதான் நடக்கும்.

ஐந்தாம் படி: வீடு வந்து சேரும் விலை

தட்டு 22, தபால் 12, இறக்குமதி வரி 20 சதவீதம் என்று கொள்வோம். பல நாடுகளில் வரி தபால் செலவையும் சேர்த்தே போடப்படுகிறது: 34-க்கு 6.80. மொத்தம் 40.80. உள்ளூரிலேயே 35-க்கு ஒன்று கிடைத்தால் அதுதான் மலிவு. ஒப்பிடும்போது எப்போதும் இந்தக் கடைசி எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள். தட்டுக்கு 5 டாலர் போட்டு தபாலுக்கு 30 வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

உறையோடு ஓர் எல்.பி. 200 முதல் 300 கிராம் இருக்கும். அதைக் காக்கும் அட்டைப்பெட்டியும் கிட்டத்தட்ட அதே எடை. இரண்டாவது, மூன்றாவது தட்டு சேர்க்கும்போது பெட்டியின் எடை பெரிதாகக் கூடுவதில்லை. அதனால் ஒருவரிடமே மூன்று நான்கு தட்டு எடுப்பதுதான் தபால் செலவைக் குறைக்கும் நல்ல வழி. தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு பின்னால் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் குலுங்கி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

ஆறாம் படி: பேரம், ஏலம், காத்திருப்பு

கேட்கும் விலை உங்கள் கணக்கைவிட 30, 40 சதவீதத்துக்குள் இருந்தால் பேசிப் பாருங்கள். ‘இந்தப் பதிப்பு இதே தரத்தில் அண்மையில் 21, 22, 24-க்குப் போயிருக்கிறது. 23 தர முடியும், இன்றே பணம் அனுப்புகிறேன்’ என்பது போதும். அவர் விலையைக் குறை சொல்லிப் பாடம் எடுக்க வேண்டாம். ஓராண்டாகக் கிடக்கும் தட்டில் இணங்குவார்கள். நேற்று ஏற்றியதில் இணங்க மாட்டார்கள். மூன்று மடங்கு கேட்பவரிடம் பேசுவது வீண்.

ஏலத்தில் உங்கள் உச்சத் தொகையை முன்பே எழுதிவைத்து, கடைசி பத்து நொடியில் ஒரே தடவை போடுங்கள். ஈபே முறையில் இரண்டாவது உயர்ந்த ஏலத் தொகைக்கு ஒரு படி மேல்தான் நீங்கள் கட்டுவது. முன்கூட்டியே போட்டால் மற்றவர்கள் உங்களைச் சீண்டிச் சீண்டி ஏற்றுவார்கள். யார் எவ்வளவு கேட்டார்கள் என்ற ஏல வரலாற்றையும் பாருங்கள். பின்னூட்டமே இல்லாத ஒரு கணக்கு இந்த ஒரு விற்பனையாளரிடம் மட்டும் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டே போனால், அல்லது ‘விற்ற’ தட்டு அடுத்த வாரம் மறுபடி ஏலத்துக்கு வந்தால், விலையை ஏற்ற ஆள் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் போலி விற்பனையும் வரலாற்றில் சேர்ந்துவிடும் என்பதால் கணக்கிலிருந்து அதை நீக்குங்கள்.

காத்திருப்பதற்கும் முறை உண்டு. டிஸ்காக்ஸின் ‘வேண்டும்’ பட்டியலில் தட்டைச் சேர்த்து மின்னஞ்சல் அறிவிப்பை இயக்கிவையுங்கள். ஈபேயில் தேடலைச் சேமியுங்கள், கலைஞர் பெயரைப் பிழையாக எழுதியும் ஒன்று சேமியுங்கள். நியாயமான விலை எவ்வளவு என்று முன்பே கணக்குப் போட்டு வைத்திருப்பதன் பலன் இங்கேதான் தெரியும்: 22-க்கு ஒன்று வரும் நாளில் யோசிக்காமல் எடுத்துவிடலாம். கலைஞர் மறைந்த செய்தி வந்திருந்தால் இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். மறுபதிப்பு அறிவிக்கப்பட்டால் பாட்டுக்காக மட்டும் தேடியவர்கள் அதற்குப் போய்விடுவார்கள். நடுக்காலத்துப் பதிப்புகளின் விலை முதலில் சரியும், முதல் பதிப்பு அவ்வளவாக அசையாது.

தட்டு வந்த பிறகு

பெட்டியைப் பிரிப்பதைப் படம் பிடியுங்கள். ரன்-அவுட் எழுத்து சொன்னபடி இருக்கிறதா பாருங்கள். ஓட்டுவதற்கு முன் கழுவிவிடுங்கள். பழைய தூசியின் சடசடப்பைக் கீறல் என்று நினைத்துப் புகார் எழுதினால் நல்ல விற்பனையாளரை நோகடிப்பீர்கள். கழுவிய பிறகும் ஒரே இடத்தில் 1.8 நொடிக்கு ஒருமுறை தட்டினால் அது கீறல்தான். பாட்டின் பெயர், நிமிடம், ஒலிப்பதிவு, சாய்ந்த ஒளியில் படம் நான்கையும் சேர்த்து முதலில் விற்பவருக்கே எழுதுங்கள். பெரும்பாலோர் ஒரு பகுதித் தொகையைத் திருப்பவோ தட்டைத் திரும்ப எடுக்கவோ சம்மதிப்பார்கள். நழுவினால் தளத்தில் முறையிடுங்கள். ஈபேயில் அதற்கு 30 நாள்; பேபாலில் பணம் கட்டியிருந்தால் 180 நாள். தட்டு வந்த வாரமே இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்டுவிடுங்கள்.